கன்னியம்மாள் அடிக்கச் சொன்ன வரி

போன வாரம் உங்களில் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பஸ் கவிழ்ந்து இறந்துபோன ஒருவருடைய வீட்டுக்குச் செய்தி சேகரிக்கப் போய்விட்டு வந்திருந்தார். "கதவு தெறந்துதான் சார் இருந்தது. உள்ள போகலாமா கூடாதான்னு தெரியாம வாசல்லயே நின்னுட்டு வந்துட்டேன். போயிருக்கணுமா?" என்றார். நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். ஓய்வுபெற்ற ஆசாமி ஆபீசுக்கு வருவதே ஓசிக் காபிக்காக, இதில் பிரசங்கம் வேறா என்று உங்களுக்குத் தோன்றக்கூடாதே என்றுதான். வீட்டுக்கு வந்த பிறகு மனசு கேட்கவில்லை. அதனால் எழுதித் தருகிறேன். படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நிஜாம் ஆட்சி நடந்துகொண்டிருந்த காலம். எனக்கு இருபத்தைந்து வயது. மதராசிலிருந்து வந்த ஒரு தமிழ்த் தினசரிக்குச் செகந்திராபாத் நிருபர். அப்பா குடியாத்தம் பக்கத்திலிருந்து ரயில்வேயில் பிட்டராக வந்து இங்கேயே தங்கிவிட்டவர். கன்டோன்மென்ட் அப்போது வெள்ளைக்காரர் நிர்வாகத்தில் இருந்தது. அதைத் தாண்டிக் காலை வைத்தால் நிஜாம் எல்லை. அந்தப் பக்கம் அச்சாக முடியாத செய்தி எங்கள் பக்கத்துத் தந்தி ஆபீஸ் வழியாக மதராசுக்குப் போகும், அங்கே அச்சாகும், ரயிலேறி இங்கேயே திரும்பி வரும். யார் எழுதியது என்று ஒருவருக்கும் தெரியாது. 'நமது நிருபர்' என்று மட்டும் இருக்கும். அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நான் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன். அப்போது மீசையும் சரியாக வளரவில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பருத்தி மில் இருந்தது. பேர் வேண்டாம். மில்லும் இன்றைக்கு இல்லை. அங்கே இரண்டு பாய்லர்கள். ஒருநாள் காலை வேலை தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் அதில் ஒன்று வெடித்து ஏழு பேர் இறந்துபோனார்கள். பாய்லரைக் கவனித்துக்கொண்டிருந்தவர் முனிரத்தினம். அவரும் இறந்தவர்களில் ஒருவர்.

நாங்கள் நாலைந்து நிருபர்கள் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தோம். மேனேஜர் டைப் அடித்த ஒரு தாளை ஆளுக்கொன்று கொடுத்தனுப்பினார். இரண்டே பாராதான். பாய்லர்காரர் முனிரத்தினத்தின் கவனக்குறைவால் விபத்து நேர்ந்தது என்பது முதல் பாரா. துக்கத்தில் இருக்கும் குடும்பங்களின் அந்தரங்கத்தை மதித்து, பத்திரிகைக்காரர்கள் தொழிலாளர் குடியிருப்புக்குள் போக வேண்டாம் என்பது இரண்டாவது. அதைப் படித்துவிட்டு நாங்கள் சிரித்தோம். உயிரோடு இருந்தபோது ஒரே அறையில் ஏழெட்டுப் பேரை அடைத்துவைத்திருந்தவர்களுக்கு, செத்த பிறகு அவர்களுடைய அந்தரங்கம் ஞாபகம் வந்துவிட்டதாக்கும். அது விஷயத்தை மூடி மறைக்கப் போட்ட உத்தரவு என்று சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். எனக்கும் புரிந்தது. ஆனால் கெட்ட நோக்கத்தோடு சொன்ன பேச்சிலும் சரியான ஒரு விஷயம் இருக்கலாம் என்பது எனக்கு அன்றைக்குப் புரியவில்லை.

மற்ற நிருபர்கள் உருதுவும் தெலுங்கும் தெரிந்தவர்கள். குடியிருப்பில் பாதிக்கு மேல் வட ஆற்காட்டுக்காரர்கள். நான் ஒருவன்தான் தமிழன். தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, பின்பக்க வழியாக நுழைந்து நேராக முனிரத்தினத்தின் வீட்டுக்குப் போனேன்.

வாசலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். முனிரத்தினத்தின் தம்பி ஏழுமலை எழுந்து வந்தார். அவருக்கும் அதே மில்லில்தான் வேலை. "நீங்க யாருங்க?" என்று கேட்டார். "ரயில்வே பிட்டர் மவன். எங்களுக்கும் குடியாத்தம் பக்கந்தான்" என்றேன். பொய் இல்லை. பாதியைச் சொன்னேன், மீதியை விழுங்கிவிட்டேன். அவர் என் கையைப் பிடித்து உட்காரவைத்து ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார். அந்தத் தண்ணீரையும் வாங்கிக் குடித்தேன்.

உள்ளே பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். முனிரத்தினத்தின் மனைவி கன்னியம்மாளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். குரல் ஏற்கெனவே கம்மிப்போயிருந்தது. முதலில் எல்லாரும் பாடுகிற மாதிரிதான் பாடினார். பிறகு இப்படி வந்தது:

மூணு நாளா சீறுதுன்னு சொன்னியே என் ராசா
முன்னாடி நிக்காதேன்னு யாரும் சொல்லலியே
எடையைக் கட்டுன்னு சொன்னானே பாவி
எமனையே கட்டிவெச்சான் என் ராசா

எனக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. பாய்லரில் ஆவி அளவுக்கு மீறினால் தானாகத் திறந்து வெளியே விட ஒரு மூடி இருக்கும். அது அடிக்கடி திறந்துகொண்டால் இயந்திரத்துக்கு வேகம் போதாது. திறக்காமல் இருக்க அதன்மேல் கூடுதலாக எடையைக் கட்டித் தொங்கவிட்டால் வேகம் கிடைக்கும், உயிருக்குத்தான் உத்தரவாதம் கிடையாது. யாரோ அப்படிக் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். இவர் மூன்று நாளாக வீட்டில் வந்து புலம்பியிருக்கிறார். மேனேஜர் கொடுத்த முதல் பாரா பொய். அதற்கான சாட்சி இதோ, நூறு பேர் நடுவில் வாய்விட்டு அழுதுகொண்டிருக்கிறது.

ஒப்பாரியில் ஒரு வசதி, வரிகள் திரும்பத் திரும்ப வரும். மூன்று முறை கேட்டு மனப்பாடம் செய்துகொண்டேன். பிறகு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய், மேனேஜர் கொடுத்த அதே தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். பொய்க்கு முதுகில் உண்மையை எழுதுகிறோம் என்று எனக்கு ஒரே பூரிப்பு. விபத்துச் செய்தியைத் தந்தியில் அனுப்பிவிட்டு, ஒப்பாரி வரிகளைக் கவரில் போட்டு மதராஸ் ரயிலில் ஏற்றினேன்.

கவரில் இன்னும் இரண்டு வரியும் இருந்தன.

குடிச்சிட்டு வந்தாலும் கோவிச்சிக்க மாட்டேனே
கூட்டிட்டுப் போயிருந்தா கூட வந்திருப்பேனே

நம் பெண்கள் யார் புருஷன் செத்தாலும் பாடுகிற வரி இது. எங்கள் தெருவில் வெற்றிலைகூடப் போடாத ஒரு குமாஸ்தா இறந்தபோதும் இதையேதான் பாடினார்கள். செத்தவரைத் திட்டிக்கொண்டே கெஞ்சுவது ஒப்பாரியின் வழக்கம். எனக்கு இது நன்றாகத் தெரியும். வைப்பதா எடுப்பதா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். படிக்கிறவர்கள் கண் கலங்குவார்கள் என்று வைத்துவிட்டேன். பத்திரிகை வேலையில் நான் செய்த தப்புகள் நிறைய உண்டு. இந்த ஒரு நிமிஷத்துக்குச் சமமாக எதுவும் இல்லை.

மூன்றாம் நாள் பத்திரிகை வந்தது. கன்னியம்மாளின் பேரைத் தலைப்பிலேயே போட்டிருந்தார்கள். ஆசிரியரிடமிருந்து பாராட்டுத் தந்தி. ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு குடியிருப்புக்குப் போனேன். உங்கள் புருஷன்மேல் போட்ட பழியைத் துடைத்துவிட்டேன் என்று நான் சொன்னதும், அந்தம்மா கையெடுத்துக் கும்பிடுவார் என்றுகூட நினைத்திருந்தேன்.

அவருக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துக் காட்டினேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். குடித்துவிட்டு வந்தாலும் என்ற வரி வந்ததும், "அத இன்னொரு தபா படி" என்றார். படித்தேன்.

"இது இன்னாத்துக்கு தம்பி பேப்பர்ல?"

"நீங்க பாடினதுதானே அக்கா."

"பாடினேன். எங்கூட ஒக்காந்து அய்வறவங்களுக்குப் பாடினேன். நீயும் வெளிய ஒக்காந்துகினு அய்வறேன்னு நெனச்சேன். எய்திகினு இருந்தியா?"

அவர் கோபப்பட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். குரலை உயர்த்தவே இல்லை.

"அவரு கள்ளு சாராயம் எதையும் தொட்டதில்ல. மேனேஜரு காலைலயே எங்க கொழுந்தனக் கூப்ட்டு, ஒங்க அண்ணன் குடிகாரனாமேன்னு கேட்டாச்சு. ஒங்க அண்ணி வாயாலயே வந்துடுச்சின்னு சொல்லிச் சிரிக்கிறானாம். எடை சமாசாரத்த வேற யாருகிட்ட சொல்லி வெச்சிருக்கீங்கன்னு வேற கேட்டிருக்கான்."

நான் அவர்கள் வீட்டுக்குள் புகுந்து எடுத்து வந்ததில் எனக்கு வேண்டியதை நான் படித்தேன். மேனேஜர் தனக்கு வேண்டியதைப் படித்துக்கொண்டார்.

அந்த வீட்டில் இருந்த பாரம் அது மட்டும் இல்லை. பக்கத்து அறையில் பாக்கியம் என்ற பெண். அவர் கணவரும் அந்த விபத்தில் போனவர்தான். நெற்றியில் நாமம், சனிக்கிழமை தவறாமல் பஜனை. இரண்டு குடும்பமும் பத்து வருஷமாக ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். வெடித்த நாளிலிருந்து பாக்கியம் கன்னியம்மாளோடு பேசவில்லை. உன் புருஷன் கவனக்குறைவால்தான் என் புருஷன் செத்தான் என்று வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். இப்போது என் புண்ணியத்தில், கவனக்குறைவு என்பது குடிபோதை ஆகிவிட்டது.

பத்திரிகையில் வந்துவிட்டதால், பதினாறுக்குக்கூடக் காத்திராமல் ஒன்பதாம் நாளே விசாரணை வைத்துவிட்டார்கள். ஏழு குடும்பங்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். விசாரணை அதிகாரி வயதானவர், மரியாதையாகப் பேசுகிறவர். மில் தரப்பில் ஒரு வக்கீல் வந்திருந்தார். மொழிபெயர்க்கப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர். என் பத்திரிகையை அங்கே மேஜையில் விரித்துவைத்திருந்தார்கள். ஏழுமலையை மேனேஜருக்குப் பக்கத்தில் நிற்கவைத்திருந்தார்கள். அது எதற்கு என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

என் ஆசிரியர் என்னைப் போகவேண்டாம் என்றுதான் தந்தி அடித்திருந்தார். நிருபர் யார் என்று காட்டிக்கொடுத்தால் நாளைக்கு அந்தப் பக்கத்துச் செய்தி ஒன்றும் வராது என்பது அவர் கட்சி. அது நியாயமான கட்சிதான். இருந்தாலும் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எழுந்திருப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்காமலே உட்கார்ந்திருந்தேன்.

வாத்தியார் வரிகளை உருதுவில் வாசித்தார். ராகம் இல்லாமல், அழுகை இல்லாமல், கிராமபோன் ரிப்பேர் ரசீதை வாசிக்கிற மாதிரி வாசித்தார். அப்படி வாசித்தபோது அது உண்மையிலேயே ஒரு குடிகாரனைப் பற்றிய வாக்குமூலமாகத்தான் இருந்தது. அதிகாரி கேட்டார், இது நீ சொன்னதா என்று. கன்னியம்மாள் ஏழுமலையைப் பார்த்தார். சொன்னேன் என்றால் புருஷன் குடிகாரன். சொல்லவில்லை என்றால் எடை கட்டிய சங்கதியும் சேர்ந்து போய்விடும். அந்த இக்கட்டில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தியது நான். அதற்குமேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தேன்.

"இதை எழுதினது நான். இவங்க எங்கிட்ட எதுவும் சொல்லல. நான் இவங்களக் கேக்கவும் இல்ல" என்றேன்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "கைக்கு லிக்கே?" என்றார். ஏன் எழுதினாய் என்ற அந்தக் கேள்வியில் அதட்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்ட மாதிரி இருந்தது. நான் அதற்குப் பதில் சொல்லாமல், குடிச்சிட்டு வந்தாலும் என்பது எல்லா ஒப்பாரியிலும் வரும், வழக்கமாகப் பாடுவது, அதை நிஜமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று விளக்கினேன்.

வக்கீல் அதற்காகவே காத்திருந்தார். "அப்படியானால் எடை கட்டச் சொன்னார்கள் என்பதும் வழக்கமாகப் பாடுவதுதானே? இது நிஜம், இது நிஜமில்லை என்று பிரித்துச் சொல்ல இவர் யார்?" என்று கேட்டார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து பாக்கியம் எழுந்தார். அவர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். வாத்தியாருக்காகக் காத்திருக்கவில்லை, உருதுவும் தமிழும் கலந்து கட்டி நேராகவே பேசினார்.

"ஹவ் சாப், ஆமா, நானும் அதேதான் பாடினேன். குடிச்சிட்டு வந்தாலும்னு எங்க வீட்டுக்காரருக்கும் பாடினேன். அவர் பஜனைக்காரர். அத மோந்துகூடப் பாத்ததில்ல. இங்க ஒக்காந்திருக்கிற அத்தன பேரும் பாடினோம். கேட்டுப் பாருங்க. முனிரத்தினம் அண்ணன் குடிக்கமாட்டார். பத்து வருஷமா பக்கத்து வீடு, எனக்குத் தெரியாதா?"

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்த இடம் கன்னியம்மாளுக்குப் பக்கத்தில். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. முந்தானையை மட்டும் நகர்த்தி இடம் விட்டார்.

அதிகாரி மற்ற பெண்களையும் கேட்டார். எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு கன்னியம்மாளிடம், எடை கட்டச் சொன்னது பற்றி உன் புருஷன் உன்னிடம் பேசினாரா என்று கேட்டார். கன்னியம்மாள் மறுபடியும் ஏழுமலையைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றார்.

விபத்துக்கான காரணத்தை நிச்சயிக்க இயலவில்லை என்று அறிக்கை வந்தது. முனிரத்தினத்தின்மேல் பழி இல்லை. எடை கட்டச் சொன்னவர்மேலும் இல்லை. எனக்கும் ஓர் உத்தரவு வந்தது. ஒரு வருஷத்துக்குக் கன்டோன்மென்ட் எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லையில் இருந்த ஏரிக்கரை வரைக்கும் நடந்துபோய் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன். ஆசிரியர் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. அவர் பயந்தபடியே, அந்த மில் பற்றி எங்களுக்கு ஒரு வரிச் செய்திகூட வரவில்லை. எங்கள் பக்கத்திலும் துக்க வீட்டு வாசலில் என்னைக் கண்டால் ஆட்கள் பேச்சை நிறுத்தினார்கள். பேனாவைத் தூக்கிப் போட்டுவிட்டு அப்பாவோடு பட்டறைக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன்.

நான்கைந்து மாதம் கழித்து ஒரு மத்தியானம், கன்னியம்மாளும் ஏழுமலையும் என் வீட்டுக்கு வந்தார்கள். ஏழுமலைக்கு எங்கள் பக்கத்து ரயில்வே பட்டறையில் வேலை கிடைத்துவிட்டது. குடும்பத்தோடு மில் குடியிருப்பைக் காலி செய்துவிட்டு வந்திருந்தார்கள்.

"இப்ப எய்திக்கோ தம்பி" என்றார் கன்னியம்மாள். "அன்னிக்கே சொல்லியிருப்பேன். பதினாறு கயிஞ்சி வந்து கேட்டிருந்தா, கொழுந்தன மொதல்ல அந்த மில்ல வுட்டு வெளிய எடுத்துட்டு, நானே அந்த சாப் எதுர்ல நின்னு சொல்லியிருப்பேன். நான் அதுக்குத்தான் வழி பாத்துகினு இருந்தேன். நீதான் அவசரப்பட்டுட்ட."

இதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட வெட்கத்தை இன்றைக்கு வரைக்கும் நான் கழுவித் தீர்க்கவில்லை. உண்மையை வெளியே கொண்டுவர அவர் ஒரு திட்டம் வைத்திருந்தார். உண்மைக்காகப் போராடுகிறேன் என்று சொல்லிக்கொண்ட நான் அதைக் கெடுத்திருந்தேன். மேனேஜர் எங்களை உள்ளே விடக்கூடாது என்றபோது அது தவறு. நான் உள்ளே போனதும் சரி. ஆனால் உள்ளே போய், நான் பத்திரிகைக்காரன், நீங்கள் சொன்னால் எழுதுவேன் என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்தேன். அதைச் சொல்லியிருந்தால் அந்த அறிக்கையே வேறு மாதிரி வந்திருக்கும்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். சீறிய மூன்று நாட்கள், எடையைக் கட்டச் சொன்னவர், அவர் சொன்ன வார்த்தை, கட்டிய ஆள், முனிரத்தினம் வீட்டுக்கு வந்து பேசியது, அந்தக் காலையில் கிளம்பியது, எல்லாம். ஏழுமலை இடையிடையே திருத்தினார். முடித்ததும் முழுவதையும் மெதுவாகப் படித்துக் காட்டினேன். கன்னியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஓர் இடத்தில் கையை நீட்டி நிறுத்தினார்.

"இது வேணாம் தம்பி. இது அவரு கெளம்பும்போது எங்கிட்ட சொன்னது. சொல்லிட்டேன், வாய் தவறி. அடிச்சுடு."

அடித்தேன். நன்றாக அடித்தாயா என்று தாளை வாங்கிப் பார்த்தார். படிக்கத் தெரியாதவர், மையை மட்டும் பார்த்தார். இன்னும் கொஞ்சம் அடி என்றார். அடித்தேன்.

ஆசிரியர் முதலில் பழைய செய்தி என்றார். பிறகு உள்பக்கத்தில், கீழே, சின்னதாகப் போட்டார். எடை கட்டச் சொன்ன மனிதர் அதற்குள் வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார், அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பத்திரிகை வந்த இரண்டாம் நாள் பாக்கியம் கன்டோன்மென்ட் வரைக்கும் நடந்து வந்து ஒரு சேதி சொன்னார். மில்லில் மிச்சமிருந்த இன்னொரு பாய்லரில் தொங்கிக்கொண்டிருந்த எடையைக் கழற்றிவிட்டார்களாம். நாற்பது வருஷம் எழுதியதில் என் எழுத்தால் கண்ணுக்குத் தெரிய நடந்த காரியம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால், அந்தக் கழற்றிய எடையைத்தான் காட்டுவேன்.

கதவு திறந்திருந்தால் உள்ளே போங்கள். போய், யார் என்று முதலில் சொல்லுங்கள். வெளியே போ என்றால் வந்துவிடுங்கள், அப்புறம் ஒருநாள் மறுபடியும் போங்கள். வாசலிலேயே நின்றுவிட்டு வந்தவரிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்.

நான் அடித்த அந்த வரியை நீங்கள் கேட்பீர்கள். அந்த வாக்குமூலத்திலேயே அதுதான் சிறந்த வரி. அதற்குப் பிறகு எத்தனையோ துக்க வீடுகளுக்குப் போயிருக்கிறேன், அதற்கு ஈடாக ஒன்றை நான் கேட்டதில்லை. ஒரு எழுத்து விடாமல் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. கன்னியம்மாள் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. ஏழுமலையும் இல்லை. இப்போது சொன்னால் யாருக்கும் எந்த நஷ்டமும் வராது.

உங்களுக்கும் சொல்லப்போவதில்லை.